ஹானுஸின் கையும் நெஞ்சும்

என் கணவன் ஹானுஸ் அடிப்பதற்கென்றே பிறந்தவன் என்று அவனைப் பெற்றவளே சொல்வாள். குறையாகச் சொல்லமாட்டாள், பெருமையாகத்தான் சொல்வாள். ஆறே கால் அடி உயரம். எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி வீங்கும், அப்படி வீங்கிய நாட்களில் கதவு நிலையையே குத்துவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் மூக்கை உடைத்தான். பதினேழு வயதில் கிரீன்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போன கப்பலில், தன்னைச் சீண்டிய சமையற்காரனை உப்புப் பீப்பாய்க்குள் தலைகீழாக நிறுத்திவைத்தான். அந்த ஆளை வெளியே இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

நான் அவனிடம் மயங்கியதே அந்தக் கைகளைப் பார்த்துத்தான், பொய் சொல்வானேன். ஊர் நடனக் கூடத்தில் எவனோ என் பின்னலைப் பிடித்து இழுத்தான். ஹானுஸ் அவனைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போட்டான். ஜன்னல் மூடியிருந்தது. ஆட்டம் நிற்கவில்லை, கண்ணாடித் துண்டுகள் மேலேயே எல்லோரும் ஆடினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது. இதுதான் காதல் என்று நினைத்தேன். வயிற்றெரிச்சலோடுதான் இன்று அதை எழுதுகிறேன்.

நியாயமாகவும் சொல்லவேண்டும். முதல் எட்டு வருஷம் என் மேல் ஒரு விரல் பட்டதில்லை. கடலில் அடிதடி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பூனைபோல் படுத்துக் கிடப்பான். ஆட்டுக்குட்டி பிறக்கும் காலத்தில் இரவெல்லாம் மழையில் நின்று, அந்தப் பெரிய கையால் தாயாட்டின் வயிற்றைத் தடவிக்கொடுப்பான். அவன் தம்பி ரோய் எப்போதும் கேலி செய்வான்: "அண்ணி, இவன் வெளியில எருது, உள்ள ஆடு. தோல மட்டும் கழட்டிப் பாருங்க, கம்பளிதான் இருக்கும்."

அந்த ரோய்தான் செத்துப்போனான். 1983 ஆகஸ்ட், ஐஸ்லாந்துக்குத் தெற்கே. வலையை இழுக்கும் இரும்புக் கயிறு அறுந்து, கப்பல் தளத்தின் குறுக்கே வீசியடித்து, ரோயை இடுப்புக்கு மேலே இரண்டாக்கியது. இழுவை யந்திரத்தின் கைப்பிடியில் நின்றவன் ஹானுஸ். கயிறு கிரீச்சிட்டபோதே நிறுத்தியிருக்கவேண்டும், ஒரு மூச்சு தாமதமாக நிறுத்தினான் என்று அவனே சொல்வான். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரோயின் இரண்டு பாதிகளையும் தன் மழைக்கோட்டில் சுற்றி, கரை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாவது மாதம் எழுந்தான், படகுக் கொட்டிலுக்குப் போனான், அவனும் ரோயும் சேர்ந்து கட்டிய படகைக் கோடாலியால் பலகை பலகையாகப் பிளந்தான். தடுக்க வந்த பக்கத்து வீட்டு யாஸ்பூரின் காதோரம் கோடாலிக் காம்பு பட்டு, இன்றைக்கும் அந்த ஆளுக்கு ஒரு காது மந்தம். யாஸ்பூர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அவரும் ஹானுஸும் ஒரே கப்பலில் பதினோரு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள்.

அப்புறம் என் முறை வந்தது. ஒரு காலையில் காப்பி ஊற்றிக்கொண்டே ரோயின் பெயரைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். அவன் கை என் தோளைப் பிடித்ததும் தெரியவில்லை, அடுப்பின் விளிம்பில் என் இடது கை மோதியதும் தெரியவில்லை, எலும்பு முறிந்த சத்தம் மட்டும் கேட்டது. கொதிக்கிற காப்பி தரையெல்லாம் ஓடியது. சுகாதார நிலையத்தில் வாசற்படியில் வழுக்கிவிட்டேன் என்றேன். எங்கள் தீவில் படிகள் வருஷம் முழுக்க ஈரம்தான், அதனால் யாரும் மேலே கேட்கவில்லை.

எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தள்ளித் திறந்துகொண்டு வருவார்கள், பூட்ஸைக் கழற்றுவார்கள், அடுப்பங்கரையில் உட்காருவார்கள், காப்பி தானாக வரும். தட்டிவிட்டு நிற்பவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் பாதிரியார். கட்டுப் போட்ட கையோடு நான் முதலில் செய்த வேலை, கதவின் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்து நான்கு திருகாணிகளை முறுக்கியதுதான். என் முகத்தில் எந்த நேரம் என்ன நிறம் இருக்கும் என்று எனக்கே தெரியாத காலம் அது. ஊரிலேயே தாழ்ப்பாள் போட்ட ஒரே வீடு எங்களுடையது. ஊரே பார்த்தது, ஒருவரும் கேட்கவில்லை. அவமானம் எனக்குத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

ஒன்றை மட்டும் அவனுக்கு எழுதிவைக்கவேண்டும். இரண்டாவது தடவை என்னை அறைந்த மறுநாள், ஒரு வார்த்தை பேசாமல் படகேறி தலைநகருக்குப் போனான். உள்ளூர் டாக்டரிடம் போனால் மாலைக்குள் ஆட்டுக்கிடாவுக்கும் விஷயம் தெரிந்துவிடும். திரும்பி வரும்போது மனச்சோர்வுக்கான மாத்திரை கொண்டுவந்தான். ட்ரைசைக்ளிக் என்ற வகை. சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகள். தூண்டில் முள் வைக்கும் தகர டப்பாவுக்குள் ஒளித்துவைத்தான்.

மூன்று வாரத்தில் அவன் கை இறங்கியது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோபம் வரும், முகம் சிவக்கும், தோள் எழும்பும், ஆனால் கை இடுப்போடு நின்றுவிடும். தூங்கினான். ஒரு நாள் ரோயின் புகைப்படத்தை அவனே சுவரில் மாட்டினான். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாத்திரை சும்மா விடுமா? வாய் காய்ந்துபோய் எந்நேரமும் சர்க்கரைக் கட்டியைச் சப்பிக்கொண்டிருப்பான். நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருண்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு மதியம் என் கையை எடுத்து அவன் மார்பில் வைத்தான். உள்ளே தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "எவனோ உள்ள உட்கார்ந்து படகு மோட்டார ஓட்டுறான், சுன்னிவா," என்றான்.

நான்தான் வற்புறுத்தித் தலைநகருக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்த டாக்டர் அவன் மார்பில் கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் சரியில்லை.

"இதயத்துக்குள்ள ஒரு மின்சாரம் ஓடுது. அது உங்களுக்கு வழியில தாமதமாகுது. இந்த வகை மாத்திரை மனசுக்கு மட்டும் போறதில்ல, போற வழியில இதயத்தையும் தொட்டுட்டுத்தான் போகும். மெதுவா நிறுத்திட்டு வேற ஒண்ணு பாக்கலாம்."

"வேண்டாம்," என்றான் ஹானுஸ்.

"அளவு கூடினா துடிப்பு தாறுமாறாயிடும், அப்படியே நின்னும் போகலாம். கனமான கயிறு இழுக்கிறது, குளிர்ந்த தண்ணியில இறங்கறது எதுவும் கூடாது. ஒரு மாசத்துல மறுபடி வரணும்."

"நின்னா என்னோட நெஞ்சு நிக்கும். இத விட்டா இவளோட எலும்புல்ல உடையும்?"

டாக்டர் என் இடது கையைப் பார்த்தார். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

படகில் திரும்பும்போது என்னிடம் சத்தியம் வாங்கினான். மாத்திரை சாப்பிடுவது ஊரில் ஒரு உயிருக்கும் தெரியக்கூடாது. நெஞ்சு விஷயமும் தெரியக்கூடாது. மறு மாதம் அவன் டாக்டரிடம் போகவில்லை, அதற்கடுத்த மாதமும் போகவில்லை. நான் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவன் கை கீழே இருந்தது, வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்கும் வேண்டியிருந்தது. இதில் என் பங்கும் உண்டு.

1986 ஆகஸ்டில், ரோய் செத்து மூன்று வருஷம் முடிந்த அன்று, காலையில் டப்பாவிலிருந்து மூன்று மாத்திரை எடுத்தான். ஒன்றுதான் கணக்கு. "இன்னிக்கு ஒண்ணு பத்தாது," என்று சொல்லி விழுங்கினான். நான் வைக்கோல் காய்ந்ததா என்று பார்க்க வெளியே போனேன். பத்தரை மணிக்கு மேட்டிலிருந்து கூவல் கேட்டது: "கிரிண்ட்! கிரிண்ட்!"

அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் கல்யாண மாப்பிள்ளைகூட எழுந்து ஓடுவான். திமிங்கிலக் கூட்டத்தைப் படகுகள் குடாவுக்குள் ஓட்டி வருகின்றன என்று அர்த்தம். கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். யாஸ்பூர் எங்கள் கதவைத் தள்ளி, தாழ்ப்பாளில் முட்டி, காலால் உதைத்தார்.

"டேய் ஹானுஸ்! பொண்டாட்டி உன்ன உள்ள வெச்சுப் பூட்டிட்டாளா? நூத்தம்பது மீன் வருதுடா! உன் கயிறு உனக்காகக் காத்துட்டிருக்கு!"

ஹானுஸ் கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான்.

"போகாத," என்றேன். "மூணு மாத்திரை போட்டிருக்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"போகலேன்னா ஏன் வரலேன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்? பைத்தியத்துக்கு மாத்திரை திங்கறேன்னா?"

"கால் சுளுக்குன்னு சொல்லேன்."

"நான் சுளுக்குன்னு சொன்னா ஊரே சிரிக்கும்," என்று தாழ்ப்பாளைத் திறந்தான். உண்மைதான். சிரித்திருப்பார்கள்.

நான் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் குடா சிவந்துவிட்டது. கரும்பாறைகள் உருண்டு வருவதுபோல் திமிங்கிலங்கள் ஆழமற்ற தண்ணீரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடித்துக்கொண்டன. ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பாய்ந்து கொக்கியை இறக்கினார்கள், கரையில் முப்பது பேர் கயிற்றை இழுத்தார்கள், கழுத்தில் கத்தி இறங்கியது, ரத்தம் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு முகங்களில் அடித்தது. ஒரு வாலின் வீச்சில் ஒருவனின் தொடை உடைந்தது, அவனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். எல்லோரும் கத்தினார்கள், பெண்களும்தான். நானும் பழக்கதோஷத்தில் கத்தினேன்.

எல்லோருக்கும் முன்னால் ஹானுஸ் நின்றான். மூன்று வருஷமாக அடக்கிவைத்த அத்தனையும் அன்று அவன் தோளில் இருந்தது. நான்கு திமிங்கிலங்களை அவன் ஒருவனே முடித்தான். வெட்டும்போது ஒவ்வொன்றிடமும் ரோயின் பெயரைச் சொல்லி உறுமினான் என்று பிறகு சொன்னார்கள். ஐந்தாவதன் கழுத்தில் கத்தியை ஏற்றினான். ஏற்றியவன் அப்படியே அதன் முதுகின்மேல் சாய்ந்து, வழுக்கி, சிவப்புத் தண்ணீருக்குள் போனான்.

"வாலு அடிச்சிடுச்சு! ஹானுஸ வாலு அடிச்சிடுச்சு!"

யாஸ்பூர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கூழாங்கற்கள்மேல் இழுத்துப்போட்டார். வால் எதுவும் அடிக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ வாயில் சாராயத்தை ஊற்றினார்கள், அது கன்னத்தில் வழிந்தது. உதடு நீலம். எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த டென்மார்க் டாக்டர் ஓடிவந்தார். அவரும் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்தான், முழங்கை வரை ரத்தம். கழுத்தில் விரலை வைத்தார்.

"துடிப்பு பறக்குது, தடுமாறுது, மறுபடி பறக்குது." பையிலிருந்து ஒரு ஊசி மருந்தை எடுத்து உடைத்தார். "இவரு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா? சீக்கிரம் சொல்லுங்க. இதயத்தை அடக்கற ஊசி இது. சில மாத்திரைங்களோட சேர்ந்தா ஒரேயடியா நிறுத்திடும்."

"யாரு, ஹானுஸா?" யாஸ்பூர் சிரித்தே விட்டார். "தலைவலிக்கே மாத்திரை போடமாட்டான் டாக்டர். தலைய சுவத்துல முட்டிக்குவான்."

சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். டாக்டர் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"நீங்கதானே மனைவி? ஏதாவது சாப்பிடறாரா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

சத்தியம் செய்துகொடுத்திருந்ததால் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். எனக்குக் கேட்டது, புரிந்தது, பதில் நாக்கின் நுனியில் இருந்தது. என் இடது கை குளிரில் குடைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் சும்மா நின்றால் போதும், இந்தக் கை இனி ஒருபோதும் உடையாது என்று நினைத்தேன். ஊரே அழும், நானும் அழுவேன், யாருக்கும் தெரியாது. டாக்டர் அவன் சட்டைக் கையைச் சுருட்டி நரம்பைத் தேடினார். ஊசி முனை தோலைத் தொட்டது.

"கடைசியா கேக்கறேன். ஏதாவது இருக்கா?"

ஹானுஸின் கை கூழாங்கற்கள்மேல் விரிந்து கிடந்தது. ரத்தத்துக்கடியில் கட்டைவிரலில் ஒரு வடு தெரிந்தது. இரட்டையாகப் பிறந்த ஆட்டுக்குட்டியை வெளியே எடுக்கும்போது தாயாடு கடித்த வடு.

"சாப்பிடறான்!" என்று அலறினேன். "மனச்சோர்வு மாத்திரை. ட்ரைசைக்ளிக். ரெண்டரை வருஷமா. காலையில மூணு போட்டான். நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு தலைநகர் டாக்டர் சொன்னாரு, இவன் கேக்கல. என் கைய உடைச்சான், யாஸ்பூர்! படியில விழல, அவன்தான் உடைச்சான்! மறுபடி உடைக்கக்கூடாதுன்னுதான் தின்னான்!"

கரையில் இருந்தவர்கள் கயிற்றைக் கீழே விட்டார்கள். ஒரு திமிங்கிலம் மட்டும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் அந்த ஊசியைத் தூக்கிக் கடலில் எறிந்தார். சுகாதார நிலையத்திலிருந்து சோடா உப்புக் கரைசல் குப்பியைக் கொண்டுவர ஆளை விரட்டினார், இந்த மாத்திரையின் பிடியை இதயத்திலிருந்து தளர்த்துவது அதுதான் என்றார். குப்பி வருவதற்குள் துடிப்பு நின்றேவிட்டது. "அழுத்துங்க!" என்று யாஸ்பூரை இழுத்து மண்டிபோடவைத்தார். ஐந்து நிமிஷம் முன்னால் திமிங்கிலத்தின் கழுத்தை அறுத்த கைகள் ஹானுஸின் மார்பெலும்பில் ஏறி இறங்கின. விலா எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். "நிறுத்தாதீங்க, உடையட்டும்!" என்றார் டாக்டர். யாஸ்பூர் அழுதுகொண்டே அழுத்தினார், கெட்ட வார்த்தையாகத் திட்டிக்கொண்டே அழுத்தினார். குப்பி வந்து, கரைசல் நரம்பில் ஏறி, எத்தனை நேரம் ஆயிற்றோ, ஹானுஸ் சிவப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தான். அப்புறம் ஹெலிகாப்டர் வந்தது.

மூன்று வாரம் கழித்து ஐந்து முறிந்த விலாக்களோடு வீடு வந்தான். அந்த மஞ்சள் மாத்திரை இனி அவன் வாழ்க்கையில் கிடையாது என்று தலைநகரில் சொல்லிவிட்டார்கள். புதிதாக ஒன்று கொடுத்தார்கள், பலன் தெரிய நாளாகும் என்றார்கள். அதன் பொருள் எனக்கு உடனே விளங்கியது. நான் பேசியதால் அவன் நெஞ்சு பிழைத்தது, நான் பேசியதால் அவன் கைக்கு இருந்த கட்டும் அவிழ்ந்தது. அவன் வருவதற்கு முந்தின நாளே தாழ்ப்பாளின் நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டேன்.

ஆறாவது வாரம் அது நடந்தது. ஆட்டுக் கொழுப்பை அதிகம் உருக்கிவிட்டேன், அதுதான் குற்றம். தட்டு சுவரில் சிதறியது. அவன் எழுந்தான், மேசையைப் பிடிக்காமலே எழுந்தான், கண் இருளவில்லை. கை தோளுக்கு மேலே போனது.

கதவு திறந்தது. யாஸ்பூர் உள்ளே வந்தார். பூட்ஸைக் கழற்றினார், உட்கார்ந்தார், சர்க்கரைக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஹானுஸின் தூக்கிய கையை, ஏதோ பரணிலிருந்து சாமான் எடுக்கிறான் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி இருக்கா, சுன்னிவா?"

"இருக்கு."

"அப்ப ஊத்து. எனக்கு அவசரமில்ல."

மறுநாள் அவர் மனைவி வந்தாள். அதற்கு மறுநாள் கடைக்காரர். இத்தனை வருஷம் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள், வேளை வேளைக்கு ஒருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் அறிவுரை சொல்லவில்லை, என் காப்பித்தூள்தான் காலியானது. ஹானுஸ் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு ஞாயிறு மதியம் யாரும் வராத அரைமணி நேரம் கிடைத்தது. அவன் கேட்டான்.

"சத்தியம் பண்ணிக் குடுத்தியே. ஊர் முன்னாடி ஏன் சொன்ன?"

"டாக்டர் எத்தன தடவ கேட்டாருன்னு தெரியுமா?"

"யாஸ்பூர் சொன்னான். மூணு தடவ."

"மொத ரெண்டு தடவ எனக்குக் காது கேக்காம இல்ல, ஹானுஸ்."

அவனுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் முகம் வெளுத்தது. நான் என் இடது கையை மேசைமேல், அவனுக்கு எதிரே வைத்தேன்.

"இன்னொரு தடவ இது உடைஞ்சா, நாளைக்கு எவன் வந்து எத்தன தடவ கேட்டாலும் எனக்குக் கேக்காது."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு கோப்பை காப்பி ஊற்றிக் கொண்டுவந்தான். பாதி தட்டில் கொட்டியிருந்தது. மீதியை நான் குடித்தேன்.